கமிட்டி பார்த்த படம்

தண்ணீர் லாரி அன்றைக்கும் வரவில்லை. தெருமுனையில் வரிசையாக வைத்த குடங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. குடத்துக்குக் காவலாக நின்ற பெண்கள் அலுத்துப்போய் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டார்கள். தங்கபுஷ்பம் மட்டும் போகவில்லை. வீட்டுக்குப் போனால் மருமகளைப் பார்க்க வேண்டும். பார்த்தால் ஏதாவது பேச வேண்டும். லாரி வராத தெருவில் நிற்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

இத்தனைக்கும் அவள் கெட்ட மாமியார் இல்லை. மருமகள் ஜெயபாரதியும் கெட்ட பெண் இல்லை. இரண்டு நல்லவர்கள் ஒரே சமையலறையில் புழங்கினால் வீடு எப்படியிருக்கும் என்பது இந்தக் கதையை வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தங்கபுஷ்பத்தின் கணவர் ஞானாதிக்கம் துறைமுக ஆபீசில் ஹெட்கிளார்க். அடையாறு கிறிஸ்தவ சபையில் கமிட்டிச் செயலாளரும் அவர்தான். திருநெல்வேலியிலிருந்து பட்டணத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகியும், ஆபீஸ் மேஜையைவிடச் சபை மேஜையில்தான் அவருக்கு நிமிர்ந்து உட்கார வரும். அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகன் ஜவஹர், தன்னோடு வேலை பார்த்த மயிலாப்பூர்ப் பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றான். பெண் இந்து. மதம் மாற முடியாது என்று முதல் நாளே மரியாதையாகச் சொல்லியும்விட்டாள்.

அதையெல்லாம் தங்கபுஷ்பம் எப்படியோ விழுங்கிக்கொண்டாள். விழுங்க முடியாதது ஒன்று இருந்தது. பேரக்குழந்தைக்கு எட்டு மாதமாகியும் ஞானஸ்நானம் ஆகவில்லை. தாய் விசுவாசி இல்லையே என்று கமிட்டி விண்ணப்பத்தைத் தள்ளிக்கொண்டே வந்தது. கடைசியில் போதகர் ஒரு வழி சொன்னார். தங்கபுஷ்பமே ஞானத்தாயாக நின்று, பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்பேன் என்று ஆலயத்தில் வாக்குக் கொடுக்கட்டும் என்றார். யோசிக்கிறோம் என்றது கமிட்டி.

அந்த யோசனையைக் கொஞ்சம் இளக்குவதற்காகத்தான் ஜவஹர் படம் எடுக்கக் கிளம்பினான்.

வருஷா வருஷம் கொண்டாடும் சபை நாளுக்கு வழக்கமாக நாடகம் போடுவார்கள். தாடி பாதியில் கழன்று விழும். இந்த வருஷம் சபையே ஒரு சினிமா எடுத்தால் என்ன என்று அவன் கேட்டான். கமிட்டி சிரித்தது; பிறகு, நாடகத்துக்கு ஆகிற செலவுக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றது. அந்தப் பணத்தில் சினிமாக்காரர்கள் ஒரு வேளை டிபன் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள்.

ஜவஹருக்குக் கைகொடுத்தது மச்சினன் கபாலி. ஜெயபாரதியின் அண்ணனான இந்தக் கபாலி வடபழனி ஸ்டூடியோக்களில் கேமரா அசிஸ்டென்ட். சாவி கொடுத்தால் அரை நிமிடம் ஓடுகிற பழைய கேமரா ஒன்றை யாரிடமோ கெஞ்சி வாங்கி வந்தான். டாக்குமென்டரிக்காரர்கள் எடுத்தது போக மிஞ்சிய துண்டு ஃபிலிம்களைச் சேர்த்துக் கொடுத்தான். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைப் பலகையில் ஒட்டி வெயிலைத் திருப்பினார்கள். காய்கறித் தள்ளுவண்டியில் கேமராவை வைத்துத் தள்ளினார்கள்.

கதை, பைபிளில் வரும் நல்ல சமாரியன். ஆனால் அங்கி, தாடி ஒன்றும் கிடையாது. அடையாறு கடற்கரை ரோட்டில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். வேதப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிய பெரிய மனிதர்கள் பார்த்தும் பாராமல் போகிறார்கள். அடிபட்டவனாக ஜவஹரே கிடந்தான். கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சிவப்பு எதற்கு என்று ரத்தத்துக்குப் பதில் புளியைக் கரைத்துப் பூசினார்கள். ஈ மொய்த்து அவன் பட்ட பாடு தனிக் கதை. அவனைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போகும் சமாரியனாக வந்தவர் தங்கபுஷ்பத்தின் அண்ணன் நல்லசிவம், தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அந்தக் குடும்பத்தில் தங்கை வேதக்காரி, அண்ணன் இன்னும் விபூதிக்காரர். கழுதைக்குப் பதிலாக ஓட்டிவர அவரிடம் மட்டும்தான் ஒரு மோரிஸ் மைனர் இருந்தது.

அந்தப் படத்தை இன்று சாயங்காலம் கமிட்டி பார்க்கப்போகிறது. பார்த்து முடித்த கையோடு குழந்தையின் விஷயத்தையும் பேசி முடிவு செய்வதாகப் போதகர் சொல்லியிருந்தார்.

லாரி வராது என்று நிச்சயமானதும் தங்கபுஷ்பம் காலிக் குடங்களோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

மத்தியானம் கபாலி வந்தான். உட்காரவில்லை. ஒரு கால் வாசற்படியில், ஒரு கால் தெருவில்.

"இன்னா அத்தை, சவுக்கியமா கீறீங்களா? மாப்ளே இல்ல?"

"உள்ளதான் இருக்கான். வா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ."

"டைம் இல்ல அத்தை. அவுட்டோர் ஷூட்டிங்குக்குப் போய்க்கினு கீறேன். வேன் வடபழனில நிக்குது, வுட்டுப்புட்டுப் பூடுவானுங்க." ஒரு தகர டப்பாவை நீட்டினான். "டைட்டில் ரோலு. இப்பத்தான் லேபுலேர்ந்து கழுவி வந்துச்சு."

ஜவஹர் ஓடிவந்து டப்பாவைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினான். நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லாமல் அவன் கண் உள்ளே போயிருந்தது.

"மச்சான், போட்டுப் பாத்தியா?"

"எங்க பாக்கறது? அதான் சொல்றேன், கேட்டுக்க. முன்னாடி கீறதை வெட்டிக் கடாசிட்டு அப்புறமா ஒட்டு. மறந்துடாதே நைனா."

"சரி, சரி."

கபாலி தங்கையை ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசக்கூட நிற்கவில்லை. ஜெயபாரதி அடுக்களையிலிருந்து வந்து பார்ப்பதற்குள் சைக்கிள் தெருவைத் திரும்பிவிட்டது.

"அண்ணன் சாப்பிடலியா?" என்று கேட்டாள்.

"சொன்னேன். கேக்கல" என்றாள் தங்கபுஷ்பம். அன்றைக்கு இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

ஜவஹர் பின்னறை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஃபிலிமை விரித்தான். பக்கத்தில் பிளேடு, பசைப் புட்டி. சுண்டுவிரல் நக அகலத்தில் ஒவ்வொரு படமும். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். ரோலின் ஆரம்பத்தில் ஒரே கறுப்பு. நடுவில் ஒரு சின்னச் சுடர்.

"ஜெயா, இங்க வா! உங்க அண்ணன் என்ன காரியம் செஞ்சிருக்கான் பாரு."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வந்து எட்டிப் பார்த்தாள். "என்னது, விளக்கா?"

"மெழுகுவர்த்தி! இருட்டுல ஒரே ஒரு மெழுகுவர்த்தி. நான் அன்னைக்கே கேட்டேன், ஃபிலிம் பத்தாதுன்னுட்டான். இப்ப எடுத்துக் கொடுத்திருக்கான் பாரு. இதைப் போய் வெட்டச் சொல்றான்."

"வெட்டச் சொன்னா வெட்டிடுங்களேன். அண்ணன் தெரியாமலா சொல்லும்?"

"அவன் தொழில்ல எல்லாத்தையும் வெட்டித்தான் பழக்கம். பணம் உள்ளவங்க வெட்டலாம். நமக்கு ஒரு அடி ஃபிலிம் வீணாகக் கூடாது. படமே இந்தச் சுடர்லதான் ஆரம்பிக்கும். இதுலேயே அப்பாவோட பேச்சும் ஆரம்பிச்சிரும்."

படத்துக்கு வசனம் கிடையாது. டேப் ரிகார்டரில் பதிந்த விளக்கவுரை கூடவே ஓடும். குரலுக்குக் கூலி கொடுக்க வழியில்லாததால் ஞானாதிக்கமே பேசியிருந்தார். கணீரென்ற குரல். அந்தக் குரலுக்கு ஏற்ற சுடர் இப்போது கிடைத்துவிட்டது. மெழுகுவர்த்திப் படங்களில் முதல் நாலைந்தை மட்டும் பார்த்துவிட்டு, அவன் அந்த ரோலை அப்படியே படத்தின் தலையில் ஒட்டினான். மீதியையும் கொஞ்சம் இழுத்துப் பார்த்திருக்கலாம். தூக்கம் இல்லாதவனிடம் என்ன சொல்வது?

புறப்படும்போது தங்கபுஷ்பம் மருமகளின் அறை வாசலில் வந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இந்தா பிள்ள, இன்னைக்கு ஒரு நாளைக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

ஜெயபாரதி திரும்பினாள். நெற்றியில் பொட்டு இல்லை. அவளே கழுவியிருந்தாள்.

"இதைத்தானே சொல்ல வந்தீங்க, அத்தை?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. களைப்பாகச் சொன்னாள். ஆமாம் என்று தலையாட்டவும் முடியாமல், வேண்டாம் வைத்துக்கொள் என்று சொல்லவும் வாய் வராமல் தங்கபுஷ்பம் குழந்தையின் தொப்பியைத் தேடப் போனாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆலயத்தை ஒட்டிய ஞாயிறு பள்ளிக்கூட ஹாலில் ஜன்னல்களைச் சாத்தி, எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். காற்று இல்லை. முன்வரிசை நாற்காலிகளில் கமிட்டி. நடுவில் போதகர், அவருக்கு வலப்பக்கம் கமிட்டியில் மூத்தவரான பொன்னுதுரை, இடப்பக்கம் ஞானாதிக்கம், சலவைச் சட்டையும் மேல்துண்டுமாக. பின்னால் பெஞ்சில் தங்கபுஷ்பமும், அவளிடமிருந்து ஓர் ஆள் இடம் விட்டு ஜெயபாரதியும். குழந்தை மடியில் தூங்கியது.

இரவல் புரொஜெக்டர் கடகடவென்று ஓடத் தொடங்கியது. ஜவஹர் டேப்பையும் தட்டிவிட்டான்.

இருட்டில் ஒரு சுடர்.

ஹாலில் பேச்சு அடங்கியது. உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. பொன்னுதுரை கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நல்லா இருக்கே, தம்பி" என்று போதகர் மெல்லச் சொன்னார். டேப்பிலிருந்து ஞானாதிக்கத்தின் குரல் எழுந்தது.

"அன்பான சபையாரே! இருளில் தடுமாறிய நமக்கு இதோ ஒரு வெளிச்சம்..."

தங்கபுஷ்பம் மட்டும் திரையைப் பார்க்காமல் குனிந்துகொண்டாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சுடர் அசைந்தது. மெழுகுவர்த்தி எங்காவது தானாக அசையுமா? அது மேலே எழுந்தது. எழுந்து வலப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. சுடருக்குக் கீழே ஒரு தட்டு தெரிந்தது, தட்டைப் பிடித்த கை தெரிந்தது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் வெளிச்சம் பின்னால் இருந்ததன்மேல் விழுந்தது. அகலமான காது. வளைந்த துதிக்கை. தொந்தி.

"...இவர் யாரென்று கேட்பீர்களானால்," என்றது ஞானாதிக்கத்தின் குரல் கணீரென்று, "இவரே நமக்கு வழிகாட்டி!"

திரையில் பிள்ளையார், சாத்திய ஜன்னலுக்கு முன்னால் கற்பூர ஒளியில் திருப்தியாக உட்கார்ந்திருந்தார்.

ஜவஹருக்கு ஸ்விட்ச் எங்கே என்பது மறந்துபோயிற்று. கையை விரித்துக்கொண்டு திரைக்கு முன்னால் ஓடினான். பிள்ளையார் வேட்டியிலிருந்து இறங்கி அவனுடைய வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். கமிட்டியில் வயதில் குறைந்த ஒருவர் சிரித்துவிட்டு, சிரிப்பை இருமலாக மாற்றப் பாடுபட்டார். யாரோ விளக்கைப் போட்டார்கள். புரொஜெக்டர் நின்றது. டேப் நிற்கவில்லை. அது பாட்டுக்குச் சபையாருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது.

ஞானாதிக்கம் எழுந்தார். அத்தனை பேர் முன்னிலும் நடந்து போய், தன் குரலைத் தானே நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த நாலடி நடையில் மனிதர் பத்து வயது கூடிப்போனார்.

"செயலாளரே, இது என்ன?" என்றார் பொன்னுதுரை.

"தப்பு என் பேர்ல, பெரியப்பா" என்றான் ஜவஹர். "வெட்டிரணும்னு மச்சான் சொல்லித்தான் கொடுத்தாரு. மெழுகுவர்த்தின்னு நினைச்சு நான்தான் ஒட்டிட்டேன். சினிமாக்காரங்க வழக்கம் அது. புது ரோல் போட்டா..."

"அவங்க வழக்கம் அவங்களோட. நான் கேக்கது வேற. அந்தப் படத்துக்குப் பின்னால ஒரு ஜன்னல் தெரிஞ்சுதே, ஒத்தைக் கதவும் உடைஞ்ச கண்ணாடியும். அந்த ஜன்னல் பக்கத்துல உக்காந்து நான் எத்தனை தடவ காபி குடிச்சிருக்கேன்! எங்க வச்சு எடுத்தது இது?"

ஜவஹர் சொல்ல வேண்டியதாயிற்று. "எங்க வீட்டுல."

எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பின. தங்கபுஷ்பத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்தது ஜெயபாரதியைத்தான்.

"கேக்கணுமா?" என்றார் பொன்னுதுரை. "பிள்ளைக்கு ஞானஸ்நானம் வேணும்னு விண்ணப்பத்துக்கு மேல விண்ணப்பம் போடுதிய. வீட்டுக்குள்ள நடக்கது இதா? ஒரு பக்கம் ஜெபம், ஒரு பக்கம் விக்கிரகத்துக்குச் சூடமா? இதை நம்பி நாங்க பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கணுமாக்கும்!"

ஜெயபாரதிக்கு ஒன்றும் தெரியாது. புதன்கிழமை கபாலி கேமராவோடு வந்தபோது, இரவெல்லாம் ஜுரத்தில் அழுத குழந்தையோடு அவளும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது என்று சொன்னால் பழி முழுவதும் அண்ணன் தலையில் விழும். கூலி ஒரு பைசா வாங்காமல் ஒரு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்த அண்ணன். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க அண்ணன் செஞ்சதுக்கு நான் மன்னிப்பு..."

"நீ உக்காரு" என்றாள் தங்கபுஷ்பம்.

கமிட்டிக் கூட்டத்தில் பெண்கள் பேசுகிற வழக்கம் அங்கே இல்லை. பெண்கள் சங்கத் தலைவி என்ற முறையில் வருஷத்துக்கு ஒரு தடவை அவள் வரவு செலவு வாசிப்பாள், அதோடு சரி. இப்போது முழங்கால் வலிக்குப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றாள்.

"அந்தச் சூடத்துக்குத் தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தது நான்" என்றாள்.

ஞானாதிக்கம் திரும்பிப் பார்த்தார். "புஷ்பம்!"

"இருங்க, சொல்லிருதேன். புதன்கிழமை அந்தப் பையன் பெட்டியைத் தூக்கிட்டு வந்தான், படத்துப் பேரு எழுதின பலகையைப் பிடிக்கணும்னு. மிஷின் ஓடல. சாவி கொடுக்கான், நிக்குது. திரும்பக் கொடுக்கான், நிக்குது. இதை விட்டா வேற ஃபிலிம் கிடையாதுன்னு வேர்த்து ஊத்த நிக்கான். 'புது ரோலுன்னா சாமி படத்தைக் காட்டித்தான் தொடங்குவோம் அத்தை, உங்க வீடுங்கறதால விட்டுட்டேன், அதான் மனசு அடிச்சுக்குது'ன்னான். படம் அவன் பையில இருந்துது. சூடம் இருந்துது. தட்டும் தீப்பெட்டியும்தான் இல்ல. ரெண்டையும் அடுப்படியிலேருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எம் மருமக தூங்கிட்டுக் கிடந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஏம்மா கொடுத்தீங்க?" என்று கேட்டார் போதகர். அவர் குரலில் கோபம் இல்லை.

தங்கபுஷ்பம் யோசித்தாள். நல்ல பதிலாக ஒன்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உள்ளதுதான் வாயில் வந்தது.

"அலுத்துப்போச்சு, ஐயா" என்றாள். "இந்தப் படம் முடிஞ்சாத்தான் பிள்ளை காரியம் முடியும்னு ஒரு மாசமா எம் மகன் ராவும் பகலும் அலையுதான். எனக்கு அது ஓடினாப் போதும்னு இருந்துது. வேற ஒண்ணும் தோணல."

"அப்புறம் மிஷின் ஓடிச்சா?" என்று இருமல்காரர் கேட்டுவிட்டார்.

"ஓடிச்சு."

பொன்னுதுரை அவரை முறைத்தார். போதகர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபிக்கிறாரா, சிரிப்பை அடக்குகிறாரா என்று சொல்ல முடியவில்லை. கண்ணைத் திறந்தபோது முகம் சாதாரணமாகத்தான் இருந்தது.

"படத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். "அந்தத் துண்டை வெட்டிட்டா மிச்சம் நல்லாத்தான் இருக்கும். பிள்ளை விஷயத்துக்கு என்ன சொல்றீங்க?"

கமிட்டியார் தலைகளை நெருக்கிக் குசுகுசுத்தார்கள். ஞானாதிக்கம் மட்டும் அந்தக் குசுகுசுப்பில் சேராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டியில் இப்போது ஒன்றும் இல்லை.

பேசியது பொன்னுதுரைதான். அவரையும் சும்மா திட்டக் கூடாது. மனிதர் தம் அளவில் இறங்கித்தான் வந்தார்.

"மருமக மேல குத்தம் இல்லைன்னு ஆயிட்டுது. பிள்ளையும் என்ன பாவம் செஞ்சுது? வாற ஞாயிற்றுக்கிழமையே ஞானஸ்நானம் கொடுத்திரலாம். ஆனா விக்கிரகத்துக்குத் தீ எடுத்துக் கொடுத்தவங்க ஞானத்தாயா நிக்க முடியாது. அது முறையில்ல. எங்க வீட்டம்மா நிக்கட்டும். பிள்ளையைக் கையில வாங்கிப் பேர் சொல்லுததும் அவதான். இவங்க கொஞ்ச காலம் நற்கருணை அப்பம் வாங்கவும் முன்னால வராம இருக்கட்டும். இதுக்குச் சம்மதமா?"

தங்கபுஷ்பத்தின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை ஜெயபாரதி பக்கத்திலிருந்து பார்த்தாள். ஆனால் தங்கபுஷ்பம் தலையை ஆட்டினாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக ஆட்டினாள். கேட்டது கிடைத்துவிட்டது. தன் கையில் வாங்கினால் என்ன, பொன்னுதுரை வீட்டம்மா கையில் வாங்கினால் என்ன? பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகிவிடும். எட்டு மாதம் முழங்காலில் நின்றது இதற்காகத்தானே!

"வேணாங்க" என்றாள் ஜெயபாரதி.

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் ஹால் முழுக்கக் கேட்டது.

"எங்க அத்தை நிக்காத இடத்துல எம் பிள்ளைக்கு ஒண்ணும் வேணாம்."

"ஜெயா!" என்றான் ஜவஹர்.

"நான் இந்தப் பேச்சுக்கு ஒத்துக்கிட்டதே அத்தைக்காகத்தான். அவங்க பிள்ளையை வாங்கிக்கினு நிக்கணும்னு ஆசைப்பட்டாங்க. அவங்க நிக்கக் கூடாதுன்னா அப்புறம் எனக்கு எதுக்கு?" சொல்லிவிட்டுக் குழந்தையின் தலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

தங்கபுஷ்பம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். வெளியே வாதாமரத்தடியில் ஜெயபாரதி நின்றிருந்தாள். இன்னும் நன்றாக இருட்டவில்லை. ஆலயத்து வாட்ச்மேன் உலர்ந்த இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

"உன்னை யாரு பேசச் சொன்னா?" என்றாள் தங்கபுஷ்பம். மூச்சு வாங்கியது.

"நீங்க எனக்காகப் பேசினீங்களே, அத்தை."

"நான் உனக்காகவா பேசினேன்? உள்ளதைச் சொன்னேன். நான் சரின்னு தலையாட்டினேனே, பாக்கலியா? கிடைச்சிட்டுதே! கைக்கு வந்ததை ஒரே வார்த்தையில தட்டி விட்டுட்டு வந்து நிக்கியே!"

ஜெயபாரதிக்கு அப்போதுதான் புரிந்தது. தான் மாமியாருக்குக் கொடுத்ததாக நினைத்தது எதுவோ, அது மாமியாரிடமிருந்து பிடுங்கியதாக ஆகிவிட்டது. கண்ணில் நீர் தளும்பியது.

"தெரியாம சொல்லிட்டேன். திரும்பப் போய், யார் நின்னாலும் சரின்னு சொல்லிடட்டுமா? சொல்லிடறேன். எனக்கு ஒண்ணும் இல்ல. மன்னிப்பு கேக்கணும்னாலும் கேக்கறேன்."

போ என்று சொன்னால் போதும். அவள் நிச்சயம் போவாள். தங்கபுஷ்பத்தின் வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. அவ்வளவு ஆசை அவளுக்கு.

ஹாலின் கதவு திறந்தது. ஞானாதிக்கம் படியில் வந்து நின்றார். இறங்கவில்லை.

"புஷ்பம். கமிட்டி காத்திருக்கு. உன் மருமக சொன்னது அவ அவசரத்துல சொன்னதா, இல்ல நம்ம வீட்டு முடிவான்னு கேக்காங்க. நான் உள்ள போய்ச் சொல்லணும். ஒரே வார்த்தையில சொல்லிரு."

தங்கபுஷ்பம் மருமகளைப் பார்த்தாள். அவள் சரி என்று கண்ணாலேயே சொன்னாள். கழுவிய நெற்றி வேர்த்திருந்தது. இந்தப் பெண் இன்றைக்கு நெற்றியைக் கழுவிக்கொண்டு வந்தாள், சரி. அண்ணனுக்காக எழுந்து நின்றாள், சரி. இப்போது உள்ளே போய் அத்தனை ஆண்களுக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். நாளைக்கு இன்னொன்று. இதற்கு முடிவு எங்கே?

"பிள்ளையை இங்க கொடு" என்றாள். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். தூக்கத்திலேயே அது அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னாள்:

"நம்ம வீட்டு முடிவுதான்னு சொல்லிருங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியா?"

"இல்ல. யோசிச்சா சொல்ல மாட்டேன். போய்ச் சொல்லுங்க."

ஞானாதிக்கம் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு பெண்களும் கேட்டைத் தாண்டி நடந்தார்கள். தங்கபுஷ்பம் அழுதுகொண்டே நடந்தாள். துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. ஜெயபாரதி தன் முந்தானையை எடுத்து நீட்டினாள். அவள் முகத்தை அப்படியே அதில் ஒற்றிக்கொண்டாள்.

தெருமுனை திரும்பிய பிறகுதான், வீட்டுச் சாவி ஞானாதிக்கத்தின் சட்டைப் பையில் இருப்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது.